முள்ளை மடக்கச் சொன்ன பள்ளிக்கூடம்

குழந்தைகளே, பாறைகள் நிறைந்த ஒரு காட்டில் நரி ஒன்று பள்ளிக்கூடம் நடத்தி வந்தது. பெரிய குகை. வாசலில் பூந்தோரணம். அதன் கீழே ஒரு கோடு. "பெற்றோர் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது" என்பது அங்கே முதல் சட்டம்.

காட்டிலேயே பெரிய பள்ளி என்பதால் முயலும் மானும் பெருமையோடு தங்கள் குட்டிகளைக் கோட்டருகே விட்டுவிட்டுத் திரும்பின. முள்ளம்பன்றியும் தன் மகள் சிலும்பியை அங்கேதான் சேர்த்திருந்தது.

ஒரு மாலை, கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த தாயின் மேலும் மகளின் மேலும் செந்நாய் ஒன்று பாய்ந்தது. சிலும்பியோ முள்ளை மடக்கித் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. தாய் குறுக்கே புகுந்து, முள்ளைச் சிலிர்த்துச் செந்நாயை விரட்டியது.

"ஏன்டி நீ சிலிர்க்கவில்லை?"

"சிலிர்த்தால் அடங்காத பிள்ளையாம், அம்மா. அசையாமல் படுத்தால்தான் முதல் மதிப்பெண்."

மறுநாள் காலை தாய் மகளோடு நேரே பள்ளிக்குப் போனது.

வாசலில் நின்ற முயல் பதறியது. "வேண்டாம் அக்கா! கேள்வி கேட்டால் பிள்ளையின் பெயரை அடித்துவிடுவார்கள்."

"அடிக்கட்டும்" என்று சொல்லிக் கோட்டைத் தாண்டியது முள்ளம்பன்றி.

உள்ளே முயல்குட்டிகள் காதை மடக்கி, மான்குட்டிகள் காலை மடக்கி, கண்மூடிக் கிடந்தன. நரி ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"வெளியே போ!" என்று சீறியது நரி. "படிப்பைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?"

"படிப்பு தெரியாது. என் பிள்ளையைத் தெரியும். நீ சொல்லித் தருவது இரையாகும் பாடம்."

"இதை விட்டால் உனக்கு வேறு பள்ளி ஏது?"

"ஓடைக்கரையில் மலையணில் நடத்துகிறது. அதுவும் சரிப்படாவிட்டால் என் வளையே பள்ளி, நானே வாத்தியார். சிலும்பி, சிலிர்!"

சிலும்பி தயங்கியது. பிறகு அதன் முட்கள் சடசடவென்று எழுந்தன. அந்தச் சத்தத்தில் முயல்குட்டிகளின் காதுகள் நிமிர்ந்தன. மான்குட்டிகள் துள்ளி ஓடின.

இரை கைநழுவுகிறதே என்ற வெறியில் நரி ஒரு முயல்குட்டியின் மேல் பாய்ந்தது. முள்ளம்பன்றி சட்டென்று குறுக்கே நின்றது. மூக்கில் ஏழெட்டு முட்கள் தைக்க, நரி ஊளையிட்டுக்கொண்டே காட்டை விட்டு ஓடியது.

மறுநாள் ஓடைக்கரைப் பள்ளியில் எந்தத் தாயும் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பவில்லை. முயல்தான் முதலில், நடுங்கிக்கொண்டே, வாய் திறந்தது.

"ஐயா, எங்கள் பிள்ளைகளுக்கு இன்று என்ன சொல்லித் தரப் போகிறீர்கள்?"

நீதி: பள்ளியில் சேர்ப்பதோடு பெற்றோர் கடமை முடியாது, பிள்ளை என்ன கற்கிறது என்று கேட்கும் துணிவும் வேண்டும்.