நெஞ்சின் மேல் பாறை

கீழப்பாறை ஜமீன்தார் தம் கிணற்றில் கல்லுடைப்பவர்கள் தண்ணீர் எடுக்கக் கூடாதென்று பூட்டிவிட்டார். கடுங்கோடை, வேறு தண்ணீர் இல்லை. கல்லுடைக்கும் சடையன் போய்த் தண்ணீர் கேட்டான். ஜமீன்தார் ஒரு பந்தயம் வைத்தார்.

"எம் பயில்வான் சம்மட்டியால உன் நெஞ்சுல ஓங்கி ஒரு அடி போடுவான். நீ எந்திரிச்சு நின்னா கிணத்தைத் திறந்துவிடுறேன்."

"சரிங்க எசமான். நெஞ்சு மேல ஒரு கல்லு வச்சுக்கலாமா?"

அடி போதாதென்று பாரமுமா என்று ஜமீன்தார் சிரித்தார். "எம்புட்டுப் பெருசு வேணும்னாலும் வச்சுக்க."

நாலு பேர் தூக்கி வந்த பாறையை நெஞ்சில் ஏற்றிக்கொண்டு படுத்தான் சடையன். ஊரே கூடி நின்றது. அவன் மனைவி பவளாயி முகத்தைப் பொத்திக்கொண்டாள். சம்மட்டி இறங்கியது. பாறை இரண்டாகப் பிளந்தது. சடையன் துண்டுகளைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான்.

ஜமீன்தார் பிளந்த பாறையைக் குனிந்து பார்த்தார். "எப்படிடா?"

"கனத்த கல்லு எம்புட்டு அடிச்சாலும் வேகமா நகராதுங்க. அடி கல்லோடயே போயிரும். சின்னக் கல்லுன்னா என் நெஞ்சுக்குள்ள இறங்கியிருக்கும்."

"இது ஏமாத்து வேலை."

"அப்ப நீங்க படுங்க எசமான். உங்களுக்குப் பாரமில்லாம சின்னக் கல்லாப் பாத்து வைக்கிறேன்."

பயில்வான் உத்தரவுக்குக் காத்திராமல் சம்மட்டியை மறுபடி தூக்கினான். ஜமீன்தார் அவசரமாக இடுப்பிலிருந்து கிணற்றுச் சாவியை அவிழ்த்து நீட்டினார்.