பின்சுவரில் ஒரு கதவு

"அம்மா, நான் ஊருக்கே திரும்பிடறேன்."

பொன்னுரங்கம் அன்று காலை தியானத்துக்கு உட்காரவில்லை. வாசற்படியில் நின்றபடியே சொன்னார்.

பூரணி அம்மா கண்ணைத் திறந்தார்.

"ஏன் ஐயா?"

"பயமா இருக்கு."

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டம் முடிந்து சோலைக்காடு தொடங்கும் இடத்தில் அந்தச் சிறிய மடம் இருந்தது. பூரணி அம்மா அதன் குரு. அவருக்கு நாற்பது வயது. சீடர் பொன்னுரங்கத்துக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. பாலங்களுக்கு வரைபடம் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்று, மனம் அடங்க வேண்டும் என்று மலையேறி வந்தவர்.

மனம் அடங்குவதற்குள் கரடி வந்துவிட்டது.

மடத்து வாசலில் நின்ற பழைய ஜீப்பின் கண்ணாடியை அது உடைத்தது. இருக்கையைக் கிழித்தது. விளக்கேற்ற வாங்கி வைத்திருந்த நல்லெண்ணெய் டின்னைக் காலி செய்துவிட்டுப் போனது. ஜீப்பின் கதவில் அதன் நகங்கள் கீறிய கோடுகள் இருந்தன. பொன்னுரங்கம் தன் கையை விரித்து அவற்றின் மேல் வைத்துப் பார்த்தார். கை போதவில்லை.

அன்றிலிருந்து சருகு விழுந்தாலும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"புது வண்டி வரப்போகுது," என்றார் பொன்னுரங்கம். "மின்சார வண்டி. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகன்னு ஒருத்தர் தர்றார். நான்தான் ஓட்டணும். பொழுது சாஞ்சு வந்து இறங்கினா, அது வாசல்ல நிக்குமோன்னு…"

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன செய்யணும்?"

"ஒரு கார் ஷெட் கட்டறேன். எதுவும் உள்ளே நுழைய முடியாத ஷெட். அதைக் கட்டின பிறகும் பயம் போகலைன்னா, மலையிறங்கிடுவேன்."

"கட்டுங்க," என்றார் அம்மா.

*

வண்டி வந்தது.

பழைய ஜீப்பைவிட நல்ல அகலம். இரு பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் ஏழு அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. பொன்னுரங்கம் அளந்து பார்த்துவிட்டு, எட்டு அடி அகலத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார்.

மேஸ்திரி சகாயம் தலையைச் சொறிந்தார்.

"நெருக்கமா இல்லையா ஐயா?"

"நெருக்கம்தான் பத்திரம். சந்து இருந்தா ஏதாவது வந்து ஒளிஞ்சுக்கும்."

சுவர் வரவேண்டிய இடத்தில் இரு பக்கமும் குச்சி நட்டு நூல் கட்டினார்கள். அம்மாவே வண்டியை ஓட்டி வந்து நடுவில் நிறுத்தினார்.

இறங்கவில்லை.

கஞ்சி நேரம் வந்தது. அப்போதும் இறங்கவில்லை.

"அம்மா, கஞ்சி ஆறுது," என்றார் பொன்னுரங்கம்.

அம்மா கார்க் கதவைத் திறந்தார். அது நூலில் இடித்து நின்றது. இடுக்கு வழியாக ஒரு கை மட்டும் வெளியே வந்தது. கஞ்சிக் கிண்ணத்துக்காக நீண்டது.

"அம்மா இனிமே இங்கேதான் குடியிருப்பாங்க போல," என்றார் சகாயம். "மூணு வேளையும் நாமதான் ஊட்டிவிடணும்."

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. கோட்டைக் காலால் அழித்தார். பன்னிரண்டு அடிக்குப் புதிய கோடு போட்டார்கள்.

*

மறுநாள் பார்த்தால், பின்சுவர்க் கோட்டில் ஒரு துண்டைக் காணோம். நடுவில், ஓர் ஆள் அகலத்துக்கு, யாரோ தேய்த்து அழித்திருந்தார்கள்.

பொன்னுரங்கம் காட்டுப் பக்கம் பார்த்தார். குனிந்து மண்ணில் நகத் தடம் தேடினார். இல்லை. அந்த இடத்தில் மறுபடி சுண்ணாம்பைத் தூவினார்.

அடுத்த நாளும் அழிந்திருந்தது. இந்த முறை அம்மா பக்கத்திலேயே நின்றார். அவர் பாதமெல்லாம் சுண்ணாம்பு.

"நீங்களா அம்மா?"

"நான்தான்."

"அங்கே சுவர் வருது."

"தெரியும்."

"வழி விட்டா, கரடி அதுல நுழைஞ்சிடும்."

"நுழையலாம்."

"பின்னே எதுக்கு அம்மா?"

அம்மா சுற்றிக்கொண்டு ஷட்டர் வரவேண்டிய பக்கம் போனார். அங்கிருந்து கோட்டுக்குள் நுழைந்தார். நேராக நடந்தார். அழித்த இடத்தின் வழியாக வெளியே போய், தேயிலைச் செடிகளுக்குள் இறங்கிவிட்டார்.

பொன்னுரங்கம் சகாயத்தைப் பார்த்தார்.

"என்ன செய்யறது?"

"என்னைக் கேட்டா? ஐயா சொன்னா சுவர், அம்மா சொன்னா வழி." சகாயம் பீடியைக் காதில் செருகிக்கொண்டார். "ஒண்ணு செய்யலாம். நிலை வச்சு, மேலே சுவரைத் தாங்க லிண்டல் போட்டுடறேன். சுவரை முழுசா எழுப்பிட்டு அப்புறம் உடைக்கிற வேலை வேண்டாம். வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி இரும்புக் கதவு மாட்டிடுவோம். வெளியே பூட்டுங்க. சாவி அம்மாகிட்ட இருக்கட்டும்."

"பூட்டு பெருசா இருக்கணும்," என்றார் பொன்னுரங்கம்.

*

ஷெட் எழுந்தது.

நான்கு மூலைக்கும் கான்கிரீட் பில்லர். பில்லர்களைக் கட்டிப்பிடித்தாற்போல பீம். மேலே கான்கிரீட் கூரை. நனைந்து வரும் வண்டியின் தண்ணீர் வழிந்து வெளியே ஓட, தரையில் வாசலை நோக்கி லேசான சரிவு. ஷட்டருக்குப் பக்கத்தில், நெஞ்சு உயரத்தில், வண்டிக்கு மின்சாரம் ஏற்றும் பெட்டி. ரிமோட்டை அழுத்தினால் ஷட்டர் தானே ஏறும், தானே இறங்கும். மின்சாரம் இல்லாவிட்டால் கையால் இழுக்க அதன் ஓரத்தில் ஒரு சங்கிலி தொங்கியது.

ஜன்னல் கிடையாது.

"இது ஷெட்டா ஐயா, ஜெயிலா?" என்று கேட்டார் சகாயம்.

"இருக்கிறதிலேயே பத்திரமான இடம்."

பொன்னுரங்கம் உள்ளே போய் ஷட்டரை இறக்கினார். காற்றின் சத்தம் நின்றது. சருகின் சத்தம் நின்றது. பல வாரங்களுக்குப் பிறகு அவர் தோள்கள் தளர்ந்தன.

அதன்பின் தியானத்துக்கும் அங்கேயே போய் உட்கார ஆரம்பித்தார்.

ஒருநாள் புது நல்லெண்ணெய் டின்னையும் சமையற்கட்டிலிருந்து தூக்கி வந்து ஷெட்டின் மூலையில் வைத்தார். அம்மா எட்டிப் பார்த்தார்.

"எண்ணெய் இங்கேயா?"

"இங்கேதான் அம்மா. எந்தக் கரடியும் தொட முடியாது."

அம்மா குனிந்து டின்னை முகர்ந்து பார்த்தார். பிறகு போய்விட்டார்.

*

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

ஒரு நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பொழுது சாயும் வேளையில் பொன்னுரங்கம் மலையேறினார். வழியெல்லாம் மூடுபனி. ஒவ்வொரு வளைவிலும் பாறைகள் கறுப்பாகக் குந்தியிருந்தன. ஒவ்வொன்றும் எழுந்து நிற்கப்போவது போலத் தெரிந்தது.

ஷெட் போதும். ஷெட்டுக்குள் போய்விட்டால் போதும்.

ஷட்டர் திறந்துதான் கிடந்தது. காலையில் அவர்தான் அப்படி விட்டுப் போயிருந்தார். வண்டியே இல்லாத ஷெட்டை எதற்கு மூடவேண்டும்?

வேகமாக உள்ளே நுழைந்தார். நிறுத்தி, பிரேக்கில் காலை வைத்தபடியே ரிமோட்டை அழுத்தினார். அவருக்குப் பின்னால் ஷட்டர் கடகடவென்று இறங்கித் தரையைத் தொட்டது.

அப்பாடா என்று மூச்சு விட்டார்.

இன்னொரு மூச்சும் கேட்டது.

மின்சார வண்டியில் எஞ்சின் சத்தம் கிடையாது. அதனால் நன்றாகக் கேட்டது.

மூலையில் எண்ணெய் டின் உருண்டது. கறுப்பாக ஒன்று எழுந்து, வண்டியைச் சுற்றிக்கொண்டு ஷட்டரை நோக்கிப் பாய்ந்தது. இரும்பில் மோதியது. திரும்பிச் சுவரில் மோதியது. மின்சாரப் பெட்டி பிய்ந்து தொங்கியது. நீலமாக ஒரு பொறி பறந்தது. ஷெட்டின் மின்சாரம் நின்றுபோனது.

பொன்னுரங்கம் ரிமோட்டை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். ஷட்டர் அசையவில்லை.

கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு இருக்கையில் ஒடுங்கினார். வண்டியின் முன்விளக்கு பின்சுவரிலும் இரும்புக் கதவிலும் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அதை மட்டுமே பார்த்தார். முதுகுக்குப் பின்னால் இரும்பைப் பிறாண்டும் சத்தம் விடாமல் கேட்டது.

"ஐயா?"

குரல் இரும்புக் கதவுக்கு வெளியே இருந்து வந்தது. மோதிய சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்திருந்தார்.

"வராதீங்க அம்மா! உள்ளே இருக்கு!"

"எது?"

"கரடி!"

"நீங்க?"

"நானும் உள்ளேதான் இருக்கேன்!"

வெளியே அம்மா போனில் யாரிடமோ பேசும் குரல் மழைச் சத்தத்தோடு கேட்டது.

"ஷட்டரைத் திறக்க முடியாதா?"

"கரண்ட் போச்சு. சங்கிலி அது பக்கத்துல தொங்குது."

"அப்ப இந்தக் கதவைத் திறக்கறேன்."

"வேண்டாம்! உங்க மேலே பாய்ஞ்சிடும்! வனத்துறைக்குச் சொல்லுங்க!"

"சொல்லியாச்சு. இப்பதான் மரம் விழுந்து பாதை அடைச்சிருக்காம். அவங்க வர நேரமாகும்."

பிறாண்டல் இன்னும் வேகமானது. வண்டி ஒருமுறை குலுங்கியது. பொன்னுரங்கம் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயா, உள்ளே எத்தனை பேர் பயந்துபோய் இருக்கீங்க?"

"அம்மா! இதுவா இப்போ கேள்வி?"

"எண்ணிச் சொல்லுங்க."

"ஒருத்தர்! நான் ஒருத்தன்தான்!"

"பார்த்துச் சொல்லுங்க."

பார்க்கச் சொல்கிறார். எதைப் பார்க்கக்கூடாது என்று பொன்னுரங்கம் கழுத்தைத் திருப்பாமல் இருந்தாரோ, அதை.

மெல்லக் கண்ணை உயர்த்தினார். மேலே இருந்த, பின்பக்கம் காட்டும் சின்னக் கண்ணாடியில் பார்த்தார். அவர் கால் இன்னும் பிரேக்கில்தான் இருந்தது. பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. கால் நடுங்க நடுங்க, அந்தச் சிவப்பு அணைந்து அணைந்து எரிந்தது.

ஒவ்வொரு முறை எரியும்போதும் கரடி தெரிந்தது.

அது அவரைப் பார்க்கவில்லை. ஷட்டரும் தரையும் சேரும் இடத்தில் மூக்கை வைத்து அழுத்தியிருந்தது. வெளிக்காற்றை இழுத்து இழுத்து மோந்தது. ஒரு நகம் பிய்ந்து இரும்பில் ரத்தம் இழுபட்டிருந்தது. சிவப்பு எரியும்போதெல்லாம் அதன் முதுகு சுருங்கியது. அதன் அடியில் தரை நனைந்து, ஈரம் சரிவில் வழிந்தது.

அது நடுங்கிக்கொண்டிருந்தது.



"ரெண்டு பேர், அம்மா."

"விளக்கை அணைங்க."

"அணைச்சா இருட்டாயிடுமே."

"ஆமா."

அவர் கைப்பிரேக்கைப் போட்டார். முன்விளக்கை அணைத்தார். எதிரே இருந்த திரையையும் அணைத்தார். கடைசியாக, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு. பிறாண்டும் சத்தம் நின்றது.

பூட்டில் சாவி திரும்பியது. இரும்புக் கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. கதவுக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் அம்மா ஒதுங்கி நிற்பார் என்று பொன்னுரங்கத்துக்குத் தெரியும். வரைபடம் அவர் போட்டது.

இருட்டில் ஓர் ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிற வெளிச்சம் நின்றது. மழை வாசனை உள்ளே வந்தது.

எதுவும் அசையவில்லை.

பிறகு தரையில் நகச் சத்தம். ஒன்று. இன்னொன்று. வண்டிக்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்தில் அது வந்தது. ஈர ரோமம் அவர் பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. கண்ணாடியில் அதன் மூச்சு பட்டுப் பனித்தது. உள்பக்கம் அவர் மூச்சு பட்டுப் பனித்தது. அவர் கண்ணை மூடவில்லை.

சாம்பல் வெளிச்சம் முழுவதும் மறைந்தது.

மறுபடி தெரிந்தது.

தேயிலைச் செடிகள் முறியும் சத்தம் கீழே கேட்டது. அது தூரமாகி, சோலைக்குள் போய், மழையோடு கலந்துவிட்டது.

"ஐயா."

"ம்."

"ஒருத்தர் போயாச்சு," என்றார் அம்மா. "இன்னொருத்தர்?"