பேச்சியம்மாளின் விசில்

வேம்பனூர் நகராட்சியானதும் தெருக்கள் பெருகிவிட்டன. மழைச்சேற்றை அள்ள ஆள் பத்தவில்லை என்று துப்புரவு மேஸ்திரி பேச்சியம்மாள் முறையிட, சேர்மன் தணிகாசலம் சீறினார்.

"மந்திரி வாசல்ல வந்து நிக்கிறார்! இருக்கிற ஆளை வெச்சு இப்பவே முடி!"

"இருக்கிற எல்லாரையும் கூப்பிடட்டுங்களா ஐயா?"

"கூப்பிடு!"

சேர்மன் வீட்டு வாசலிலேயே, விடாத தூறலில் நின்று பேச்சியம்மாள் விசிலை ஊதினாள். அந்தச் சத்தத்துக்கு வரிசையில் நிற்காவிட்டால் அன்றைக்கு ஆப்சென்ட்.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஒருவன், தோட்டத்திலிருந்து இருவர், சேர்மனின் நாயைப் பிடித்தபடி ஒருத்தி. விழுந்தடித்து ஓடிவந்து நின்றார்கள்.

"நகராட்சி ஆளுங்க பூரா உம்ம வீட்டிலயாய்யா?" மந்திரி கடகடவென்று சிரித்தார்.

சிரித்த வாயில் மழை விழுந்தது. அவருக்குக் குடை பிடித்தவனும் ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றிருந்தான்.