முதல் பாய்ச்சல்

மாதங்கி கணினி விளையாட்டு எழுதுகிறவர். அவர் விளையாட்டுக்குள் மழை பெய்தால் பக்கத்து வீட்டில் கொடித்துணியை எடுத்துவிடுவார்கள். நம்பாதவர்கள் கோயம்புத்தூர் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

அவரிடம் தொழில் படித்த சேந்தன் ஒரு புலியைச் செய்திருந்தான். இருட்டுக் காட்டில், புலியிடம் சிக்காமல் ஆற்றைத் தாண்ட வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். புலி அத்தனை கெட்டி. ஆடிப் பார்த்தவர்கள் எல்லாரும் முதல் பாய்ச்சலிலேயே செத்தார்கள். செத்தவர்கள் யாரும் திரும்பத் தொடவில்லை. மறுநாள் காலை ஒரு கம்பெனியிலிருந்து ஆட்டத்தை வாங்கலாமா என்று பார்க்க வருகிறார்கள். அவர்களும் கீழே வைத்துவிட்டால் இரண்டு வருஷ உழைப்பும் குப்பைதான்.

என்ன குறை என்று கேட்டான்.

மாதங்கி அவன் கணினியை இழுத்துவைத்து, புலியின் நிரலில் ஒரு வரி சேர்த்தார்.

இனி முதல் பாய்ச்சல் எப்போதும் தவறும். ஆள் நின்றுகொண்டே தூங்கினாலும் புலி ஒரு சாண் தள்ளித்தான் விழும்.

"இது ஏமாத்து வேலை அக்கா."

"ஆமா" என்றார் மாதங்கி.

அப்போது தண்ணீர் கேன் போட வந்தார் வேலாயுதசாமி. போன வாரம் இதே புலியிடம் செத்து, உங்க புலியை நீங்களே வெச்சுக்குங்க என்று எழுந்து போனவர். மாதங்கி அவரை வற்புறுத்தி உட்காரவைத்தார்.

புலி பாய்ந்தது. கேனில் இருந்த தண்ணீர்கூடப் பின்வாங்கியது. வேலாயுதசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது உயிரோடு இருந்தார். புலி எழுவதற்குள் விழுந்தடித்து ஓடி, ஆற்றில் குதித்துக் கரையேறினார்.

சட்டையெல்லாம் வியர்வை. இன்னொரு வாட்டி ஆடலாமுங்களா என்று கேட்டார். அதற்குள் பொறுக்காமல் வராந்தாவுக்குப் போய் மனைவிக்குப் போன் போட்டார். புலி பாய்ந்ததையும், தான் மின்னல் மாதிரி விலகியதையும் சொன்னார். சொல்லச் சொல்லப் புலி யானை அளவுக்கு வளர்ந்தது.

சேந்தன் மாதங்கியிடம் திரும்பினான்.

"அவர் விரலைக்கூட அசைக்கலை அக்கா. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். உண்மையைச் சொல்லிடட்டுமா?"

மாதங்கி வராந்தாப் பக்கம் கையைக் காட்டினார்.

"போய்ச் சொல்லு. புலி கொல்லாம விட்டதை நீ முடிச்சு வை."