ஹில்தி திறந்த வாய்

அந்தக் காலத்தில் வடக்கே, வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக்கிடக்கும் ஒரு கடலோரத்தில், மனிதர்களோடு நீர்நாயும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும். அதுவா அதிசயம்? அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு, கேளுங்கள். அவர்கள் பாஷையில் விழு, உடை, மூழ்கு மாதிரியான சில முரட்டுச் சொற்கள் இருந்தன. வாயால் சொன்னால் போதும், அந்தக் காரியம் அங்கேயே நடந்துவிடும்!

நேற்று நடந்ததைச் சொல்லவும் அவர்களிடம் அதே சொல்தான். நேற்று விழுந்தவன் அதைச் சொல்ல வாயெடுத்தால், சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் மண்ணைக் கவ்வுவான். என்ன கொடுமை பாருங்கள்! செத்தவனுக்காக அழலாம். அவன் எப்படிச் செத்தான் என்று மட்டும் சொல்ல முடியாது.

மூழ்குவதற்கு அவர்கள் சொல் 'சிங்க்'. பல்லோடு பல் சேர்த்து, உதட்டை இழுத்துச் சொல்ல வேண்டும். கடலில் ஒரு படகு மிதந்தாலும் அதை யாரும் உச்சரிக்க மாட்டார்கள்.

அந்த ஊரில் ஹில்தி என்று ஒருத்தி. புருஷன் ஈவரோடு வலை போடப் போனவள் தனியாகத் திரும்பினாள். ஈவரின் அண்ணன் பெர்ன் மகா கோபக்காரன். ஊரைக் கூட்டிக்கொண்டு கரைக்கே வந்துவிட்டான்.

"எங்கேடி என் தம்பி? உன் வேலைதானே இது?"

"சத்தியமா இல்லை, அத்தான். என்னால் சொல்ல முடியாது. கடலில் படகு இருக்கிறது."

அவர்கள் படகோடு கூடவே நீந்திப் போயிருந்த நீர்நாய் பாறைமேல் கிடந்தது. பெர்ன் அதைப் பார்த்தான். "நீ சாட்சிதானே? சொல்லு!"

"என் வாயைக் கிளறாதே, சாமி. நான் தண்ணீரில் பிழைக்கிற ஜென்மம். சொன்ன மறுநிமிஷம் நானே அடியில் கிடப்பேன்."

"பூராவும் நாடகம்! சூரியன் சாய்வதற்குள் இவள் மகளையும் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகட்டும்" என்றான் பெர்ன். அந்தப் பனியில் ஊரைவிட்டுப் போவதென்றால் சாவுதான். ஹில்தி அவன் காலில் விழுந்து அழுதாள்.

அப்போதும் அவன் ஆத்திரம் அடங்கவில்லை. "அப்படி என்ன பெரிய சொல்? நானே சொல்கிறேன் பார்!" என்று கத்தினான். திரும்பிக் கடலை ஒரு பார்வை பார்த்தானா? பார்க்கவில்லை, பாவி. "சிங்க்!" என்றான்.

ஐயோ! மீனோடு திரும்பிக்கொண்டிருந்த முதல் படகு, அலையே இல்லாத கடலில், அப்படியே உள்ளே போய்விட்டது. அதில் இருந்தவர்கள் பெர்னின் இரண்டு மகன்கள். ஒரு கூப்பாடுகூடக் கேட்கவில்லை.

பின்னால் இன்னொரு படகு வந்துகொண்டிருந்தது. அதில் ஹில்தியின் ஒரே மகள் அஸ்தா இருந்தாள்.

பெர்னுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. கண்ணெதிரே பார்த்ததைக் கதறத்தானே வரும் எந்தத் தகப்பனுக்கும்? பல்லோடு பல் சேர்ந்தது. 'சி' என்று சத்தம் கிளம்பிவிட்டது. ஹில்தி பாய்ந்தாள். வாயைப் பொத்த நேரமில்லை. நான்கு விரலையும் அவன் வாய்க்குள் திணித்துத் தாடையைக் கீழே இழுத்தாள். விரலெல்லாம் இரத்தம்.

"சங்க்!" என்று வந்தது சொல்.

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். திறந்து பார்த்தபோது அஸ்தாவின் படகு மிதந்துகொண்டிருந்தது! நீர்நாய் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. அதுவும் பாறைமேல் பத்திரமாகத்தான் இருந்தது.

மகள் கரையில் கால் வைத்த பிறகுதான் ஹில்திக்குப் பேச்சு வந்தது. வாயை அகலத் திறந்து, முதல் தடவையாகச் சொன்னாள்: "ஈவர் சங்க். வலைக்கயிறு அவர் காலைச் சுற்றிக்கொண்டது, அத்தான். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். படகு சாய்ந்தது. நமக்கு ஒரு பிள்ளை இருக்கிறது என்று சொல்லி அவரேதான் கையை உருவிக்கொண்டார்."

பெர்ன் அவள் கடிபட்ட விரல்களைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அவன் மகன்களுக்காக ஊரே கூடி அழுதது. அத்தனை பேர் உதடும் துக்கத்தில் குவிந்துபோனதில், சொல் இன்னொரு மாதிரி வந்தது: "சுங்க்." அப்போதும் கடல் அசையவில்லை.

ஒருவன் போனதற்கு ஒரு சத்தம், பலர் போனதற்கு ஒரு சத்தம் என்று அந்த ஊர் வைத்துக்கொண்டது. பிறகு வந்த சாதுவான சொற்களுக்கு இந்தப் பாடு இல்லை. வாலில் எதையாவது ஒட்டிக்கொண்டு நேற்றைச் சொல்லிவிடும். பழைய முரட்டுச் சொற்கள் மட்டும், அந்தப் பாஷையிலும் அதன் வழிவந்த பாஷைகளிலும், நேற்றைச் சொல்லும்போதெல்லாம், அன்று தொட்டு இன்றுவரை நடுச்சத்தம் மாறித்தான் வெளியே வருகின்றன. ஹில்தி தன் விரலை இன்னும் எடுக்கவில்லை.