நாலாவது தொட்டி

குருவுக்குத் தாடி கிடையாது. பெயர் டெல்சி, வயது முப்பது. சீடன் சவரிமுத்துவுக்கு ஐம்பத்தாறு. இரண்டு பேருக்கும் ஆஸ்திரேலியாவின் தெற்கே ஒரு குளிர் நகரத்தில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க யாரோ படுத்த விரிப்புகள். வீட்டுக்குப் போனால் டெல்சி பியர் காய்ச்சுவாள். அதனால் கூட வேலை செய்த தமிழர்கள் அவளைக் கிண்டலாகக் குரு என்றார்கள். அவளுக்குச் சண்டை பிடிக்கத் தெம்பில்லை. விட்டுவிட்டாள்.

சவரிமுத்து ஞானம் தேடி வரவில்லை. மனைவிக்குப் பயந்து வந்தார்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று குடித்துவிட்டு மனைவி ரோசலியை நோக்கிச் சோற்றுத் தட்டை எறிந்தார். தட்டு சுவரில் பட்டது. குடித்துவிட்டு எறிந்த முதல் தட்டு அது இல்லை. ரோசலி சுவரைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"கடையில வாங்கிற குடி இனி இந்த வாசல்படி ஏறக்கூடாது. குடிக்கத்தான் வேணுமெண்டா நீங்களே காய்ச்சிக் குடியுங்கோ. இன்னொருக்கா வெறியில என்னிலை பாய்ஞ்சா மகளிட்டைப் போயிடுவன். திரும்பி வரமாட்டன்."

அவரால் காய்ச்ச முடியாது என்று நினைத்துத்தான் சொன்னாள்.

"பிள்ளை, கெதியாச் சொல்லித் தா" என்றார் சவரிமுத்து. அவருக்கு அவசரம்.

"கெதியா வராது அண்ணை."

"டின்னிலதானே விக்கிறாங்கள்? திறந்து ஊத்திறதுதானே?"

"ஓம். திறந்து ஊத்திறதுதான்."

"அப்ப நீ என்னத்துக்குக் குரு?"

"எனக்கும் தெரியேல்லை."

டெல்சி செய்து காட்டினாள். டின்னில் கறுப்பாக, தேனைப் போல, மால்ட் என்கிற பார்லிப் பாகு. அதைச் சுடுநீரில் கரைத்து, சீனி போட்டு, பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் நிரப்பி, மேலே புளிக்கவைக்கும் ஈஸ்டைத் தூவி மூடினாள். கொஞ்ச நேர வேலை. அதற்கு முன்னால் தொட்டி, மூடி, குழாய், அகப்பை எல்லாவற்றையும் கழுவிக் கிருமி மருந்தில் ஊறவைத்தாள். அது நெடுநேர வேலை. அந்த நேரம் சவரிமுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

சவரிமுத்து தன் கராஜில் வைத்த முதல் தொட்டியைத் திறந்ததும் டெல்சி முகத்தைச் சுளித்தாள்.

"இதுக்குள்ளை என்னத்தை விட்டனீங்கள்?"

"கையைத்தான். முழங்கை வரைக்கும் விட்டு வடிவாக் கரைச்சனான். ரோசலி தோசைமாவைக் கையாலதானே கரைக்கிறவள்? கை பட்டாத்தானே புளிக்கும்?"

"ஓம். புளிச்சிட்டுது."

முழுவதையும் சாக்கடைக் கானில் ஊற்றினாள். தூரிகையை அவர் கையில் கொடுத்தாள்.

"கழுவுங்கோ."

இரண்டாவது தொட்டியை அவர் போகும்போதும் வரும்போதும் திறந்து பார்த்தார். தொட்டி கெட்டு, மேலே வெள்ளையாக ஆடை படர்ந்தது.

"ஏன் திறந்தனீங்கள்?"

"உயிரோட இருக்குதோ எண்டு பாத்தனான்."

"இருந்தது. கழுவுங்கோ."

"நீ ஒரு குருவே? வாயைத் திறந்தா கழுவு, கழுவு. வேலையிலயும் அதுதான், இஞ்சையும் அதுதான். கறுமம்!"

"எனக்கும் அலுப்புத்தான் அண்ணை. அந்த மூலையையும் தேயுங்கோ."

மூன்றாவது தொட்டி போத்தல் வரைக்கும் வந்தது. மூடும்போது ஒரு போத்தலுக்கு ஒரு கரண்டி சீனி. அதுதான் உள்ளே புளித்து வாயுவும் நுரையும் கொடுக்கும். 'வெறி கொஞ்சம் ஏறட்டும்' என்று சவரிமுத்து மும்மூன்று கரண்டி போட்டார்.

ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டு நேரம், கராஜில் போத்தல்கள் வெடித்தன. ஒன்று வெடிக்க அடுத்தது, ஒன்றும் மிஞ்சவில்லை. ரோசலி ஒரே பாய்ச்சலில் மேசைக்குக் கீழே போய்விட்டாள். ஊரில் போர்க்கால ஷெல்லடியில் வந்த பழக்கம். சவரிமுத்துவும் பின்னாலேயே போய்விட்டார். வெடித்து ஓயும்வரை இரண்டு பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தார்கள். பிறகு ரோசலி சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் சிரித்துக் கனகாலம்.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது ரோசலி டெல்சியைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, அவருக்கு வடிவாச் சொல்லிக் குடுத்திடாதேம்மா."

"நான் கழுவச் சொல்லிக் குடுக்கிறன் அக்கா. அவர்தான் கழுவுறாரில்லை."

"நல்லது. அப்பிடியே இருக்கட்டும்."

"பழுதாச் சொல்லிக் குடுக்க எனக்குத் தெரியாதக்கா."

ரோசலி கார்ச் சாவியை எடுத்தாள். காரில் ஏறினாள்.

நாலாவது தொட்டிக்கு சவரிமுத்து கழுவினார். யாரும் சொல்லவில்லை. குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்த்தார், திருப்தி இல்லை, திரும்பக் கழுவினார். அகப்பையால் கரைத்தார். மூடியைத் தொடவில்லை. சீனியை அளந்து போட்டார்.

போத்தல் பதமாகிற காலம் முடிந்து ஒரு மாலை சவரிமுத்து டெல்சி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை, பைக்குள் ஒரு போத்தல். டெல்சி அப்போதுதான் வேலையால் வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கதிரையில் விழுந்து கிடந்தாள்.

"குரு, குடிச்சுப் பார்."

அவள் எழும்பித் திறந்தாள். இரண்டு கிளாஸில் ஊற்றினாள். நிறம் தெளிவாக இருந்தது. நுரை நின்றது. ஒரு வாய் குடித்தாள்.

"நல்லா வந்திருக்கு."

"மெய்யாவோ?"

"என்ரையை விட நல்லா இருக்கு."

சவரிமுத்து சந்தோஷப்படவில்லை. தன் கிளாஸைத் தொடவும் இல்லை.

"உண்மையைச் சொல்லு. நீயும் ரோசலியும் சேர்ந்துதானே என்னை மூண்டு தரமும் பெயிலாக்கினனீங்கள்?"

"இல்லை அண்ணை. அதை நீங்கள் தனியாத்தான் செய்தனீங்கள்."

அவர் கிளாஸைப் பார்த்தார்.

"பெரிய வியாழனுக்குப் பிறகு ஒரு சொட்டும் வாயில வைக்கேல்லை."

"ஓம்."

"காய்ச்சிறன். பழுதாகுது. கழுவுறன். திரும்பக் காய்ச்சிறன். குடிக்கிற கட்டம் வரவே இல்லை."

"ஓம்."

"இப்ப வந்திட்டுது. கராஜ் நிறைய இருக்கு. எல்லாம் என்ரை கையால காய்ச்சினது. ரோசலி ஒண்டும் சொல்லேலாது."

"சொன்னவவோ?"

"இல்லை. சூட்கேசை இறக்கித் தூசி தட்டிக் கட்டிலுக்குப் பக்கத்தில வச்சிருக்கிறாள். கேட்டா, சும்மா எண்டுறாள்."

டெல்சி குனிந்தாள். சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள்.

"ஒரு போத்தலோட நிப்பாட்டுவனோ எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. முந்தி ஒரு நாளும் நிப்பாட்டினதில்லை. நீ இவ்வளவு நாளும் உந்தத் தொட்டியோடயே கிடந்து பழகினனீ. ஈஸ்ட் எப்ப நிப்பாட்டும்? அதையெண்டாலும் சொல்லு."

"அது நிப்பாட்டாது அண்ணை. சீனி இருக்கிறமட்டும் தின்னும். சீனி கூடிப்போனா, தான் ஆக்கின சாராய வெறியிலயே கிடந்து செத்துப்போகும்."

சவரிமுத்து தலை குனிந்தார்.

"அப்ப நானும் அதுதானே."

டெல்சி மற்றச் சப்பாத்தையும் கழற்றினாள். காலை நீட்டிக் கதிரையில் சாய்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்:

"எத்தினையோ தொட்டி வச்சிட்டன் அண்ணை. ஒரு ஈஸ்டும் என்னட்டை வந்து இப்பிடிக் கேட்டதில்லை."