கீரி கை தூக்கிய சட்டம்

கரட்டுமலைக் காட்டில் பூவாயி என்று ஒரு கீரி இருந்தது. அதற்கு ஒரே ஒரு ஆசை. கொம்பையா என்கிற முள்ளம்பன்றியின் வண்டியை ஒரு தடவையாவது முந்திவிட வேண்டும்!

காட்டில் ஏது வண்டி என்று கேட்காதீர்கள். அந்தக் காட்டு மிருகங்களுக்கு வண்டிப் பந்தயம் என்றால் உயிர். மழை ஓய்ந்து பாதை காய்ந்ததும் பந்தயம் வைத்துவிடுவார்கள். மலை உச்சியிலிருந்து அடிவாரக் குளம் வரைக்கும் ஒரே சரிவு. இழுக்க மாடும் வேண்டாம், குதிரையும் வேண்டாம். ஒரு மூங்கில் கூடை, அடியில் நாலு மரச் சக்கரம், திருப்புவதற்கு ஒரு கயிறு. ஏறி உட்கார்ந்து ஒரு தள்ளு தள்ளினால் வண்டி தானாக உருண்டு வரும். அவரவர் வண்டியை அவரவரே செய்ய வேண்டும். குளத்தங்கரையை முதலில் தொடுகிறவருக்கு ஒரு தார் மலைவாழை.

வாழைப்பழத்தை யார் மதித்தார்கள்! ஜெயித்தவர் என்ற பேருக்குத்தான் அத்தனை அடிதடியும்.

அந்தப் பேரை வருஷா வருஷம் கொம்பையாவே தட்டிக்கொண்டு போனது. அதன் வண்டி பார்க்க ஒன்றும் அழகில்லை. தட்டையாக, தரையோடு தரையாக இருக்கும். ஆனால் சக்கரங்கள் இருக்கின்றனவே! நல்ல வேங்கை மரத்தில் செதுக்கிய அகலச் சக்கரங்கள். மற்ற வண்டிகள் திருப்பத்தில் காலைத் தரையில் தேய்த்து, வேகத்தைக் குறைத்து, குய்யோ முறையோ என்று கத்திக்கொண்டு வரும். கொம்பையா வண்டி சுவரில் பல்லி ஓடுகிற மாதிரி பாதையை ஒட்டிக்கொண்டே போய்விடும்.

பூவாயிதான் எப்போதும் இரண்டாவது. கொம்பையா கிளப்பிய புழுதி முழுவதையும் அதுதான் தின்றது. ஆனாலும் ஒரு நாளும் ஓய்ந்ததில்லை. பந்தயம் முடிந்த மறுநாளே சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். செதுக்கும், தேய்க்கும், அச்சுக்கு இலுப்பை எண்ணெய் போடும், சரிவில் விட்டுப் பார்க்கும், மறுபடியும் கழற்றும்.

சடையன் என்ற குரங்கும் பந்தயத்தில் ஓட்டுகிற ஆள்தான். ஒரு நாள் மரத்திலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் புள்ள இப்படி உயிரை விடுறே? ரெண்டாவது வர்றதும் கௌரவம்தானே!" என்றது.

"நீ கடைசியா வந்தே பழகினவன். ரெண்டாவது வர்றவளோட எரிச்சல் உனக்கு எங்கே தெரியப்போகுது!" என்றது பூவாயி.

சடையன் வேறு மரத்துக்குத் தாவியது.

இப்படியே போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. "யார் ஜெயிப்பாங்கன்னு வீட்டுல படுத்துக்கிட்டே சொல்லிடலாம்! இதைப் பார்க்கவா மலை ஏறி வந்தோம்?" என்று முயல்கள் முணுமுணுத்தன. "அடுத்த வருஷம் நாங்க வரலை!" என்று மயில்கள் தோகையைச் சுருட்டிக்கொண்டன.

பந்தயத்தின் நாட்டாமை ஒரு காட்டெருமை. கூட்டம் குறைந்தால் நாட்டாமைத்தனமும் குறைந்துவிடுமே என்று அதற்குப் பயம் வந்துவிட்டது. பஞ்சாயத்தைக் கூட்டியது.

"சட்டத்தை மாத்திடுவோம்! இனிமே ஜெயிச்சவன் வண்டியில கல்லை ஏத்தணும். தோத்தவங்க ஆளுக்கு ஒரு கல்லு, அவங்கவங்க கையாலேயே வைக்கணும். பாரம் ஏறினா வண்டி மெதுவாப் போகும். எப்படி என் யோசனை?"

"ஆகா! ஆகா!" என்றன எல்லா மிருகங்களும்.

ஆகட்டும் என்று கல்லை ஏற்றினார்கள். சடையன் ஒரு பாறையையே உருட்டிக்கொண்டு வந்தது. பூவாயி மட்டும் கூழாங்கல் ஒன்றைத் தேடி எடுத்து வைத்தது. கொம்பையா அதைப் பார்த்துச் சிரித்தது.

"என்ன பூவாயி, கல்லு வைக்கச் சொன்னா கடுகை வைக்கிறே?"

"நீங்க மெதுவா வந்து நான் முந்தினா அதுல என்னண்ணே இருக்கு?" என்றது பூவாயி. அன்றைக்கு அதற்கு மனசு அப்படித்தான் இருந்தது.

முரசு தட்டினார்கள். கொம்பையா வண்டி பிய்த்துக்கொண்டு கிளம்பியது பாருங்கள்! சரிவில் உருளுகிற வண்டிக்குக் கனம் கூடினால் வேகமும் கூடும் என்று அத்தனை பெரிய பஞ்சாயத்தில் ஒரு தலைக்கும் தோன்றவில்லை. நாட்டாமைக்குக் கொம்பு வளர்ந்த அளவுக்கு மூளையும் வளர்ந்திருக்கலாம். முந்தின வருஷத்தைவிட ரொம்ப சீக்கிரமே கொம்பையா குளத்தங்கரையில் நின்றது. "கல்லு வச்ச புண்ணியவான்கள் எல்லாரும் நல்லா இருக்கணும்!" என்று கும்பிடு வேறு போட்டது.

நாட்டாமைக்கு அவமானமாகப் போய்விட்டது. கல்லை எல்லாம் இறக்கச் சொல்லி, அடுத்த சட்டம் போட்டது. "மத்த வண்டி எல்லாம் முதல் திருப்பத்தைத் தாண்டின பிறகுதான் கொம்பையா கிளம்பணும்!"

அடுத்த வருஷப் பந்தயத்தில் பூவாயி முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் யாரும் இல்லை. பின்னால் கடகடவென்று வேங்கைச் சக்கரத்தின் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வண்டியாகத் தாண்டிக்கொண்டு கொம்பையா வந்துகொண்டே இருந்தது. கடைசித் திருப்பத்தில் பூவாயியையும் தாண்டியது.

ஆனால் இந்தத் தடவை பூவாயி விடவில்லை! கொம்பையாவின் முள் தன் மூக்கில் உரசுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டே போனது. கண்ணில் புழுதி. காதில் காற்று. உடம்பெல்லாம் உதறியது. இதோ, இதோ என்று இருந்தது. ஒரு சக்கர அளவில் கொம்பையா ஜெயித்தது.

பூவாயி வண்டியைவிட்டு இறங்கி, சிரித்துக்கொண்டே அழுதது. அத்தனை சந்தோஷம் அதற்கு அதுவரை வந்ததே இல்லை. "பின்சக்கரத்தை இன்னும் கொஞ்சம் அகலமாக்கணும், கூடையை இறக்கிக் கட்டணும். அடுத்த வருஷம் பிடிச்சிடுவேன்!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

கூட்டத்துக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் பட்டது? "மறுபடியும் இவனேதானா!" என்று ஒரே கூச்சல். நாட்டாமை அங்கேயே, குளத்தங்கரையிலேயே, பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டது.

"இனிமே அகலச் சக்கரமே கூடாது! எல்லா வண்டிக்கும் ஒல்லிச் சக்கரம்தான். வண்டி ஓட்டுறவங்க எல்லாரும் கையைத் தூக்குங்க. வழக்கம் தெரியுமில்லே? கொம்பையாவைத் தவிர எல்லாரும் தூக்கணும். ஒரு கை குறைஞ்சாலும் சட்டம் செல்லாது!"

சடையன் இரண்டு கையையும் தூக்கியது. காட்டுப்பன்றி தூக்கியது. மரநாய் தூக்கியது. எல்லாக் கண்களும் பூவாயி பக்கம் திரும்பின.

"என்ன புள்ள யோசிக்கிறே?" என்று சடையன் காதில் ஓதியது. "அவன் போயிட்டா அடுத்தது யாரு? நீதானே! எத்தனை வருஷம் புழுதி தின்னுக்கிட்டு இருப்பே? தூக்கு கையை!"

பூவாயி கொம்பையாவைப் பார்த்தது. கொம்பையா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. வண்டியின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு பூவாயியையே பார்த்துக்கொண்டு நின்றது.

பூவாயி தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த வருஷம் பிடித்துவிடலாம்தான். பிடிக்க முடியாமல் போய்விட்டால்? அதற்கும் அடுத்த வருஷமா? இப்படியே கிழடு தட்டிப்போய்விட்டால்? ஜெயித்தவர் என்று ஒரு தடவைகூடப் பேர் வாங்காமலேயே செத்துப்போய்விட்டால்? நினைக்க நினைக்கப் பயம் வந்தது. பயத்தோடு பயமாகக் கையும் மேலே போய்விட்டது.

"சட்டம் செல்லும்!" என்றது நாட்டாமை.

"கொம்பையாண்ணே, நீயும் ஒல்லிச் சக்கரம் போட்டுக்கிட்டு வாயேன்!" என்றது மரநாய்.

"அப்புறம் அது என் வண்டி இல்லையேப்பா" என்றது கொம்பையா. யாரையும் திட்டவில்லை. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியை இழுத்தபடியே மலை ஏறிப் போய்விட்டது.

அடுத்த வருஷம் பந்தயம் வந்தது. எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி ஒல்லிச் சக்கரம். பூவாயி முதல் திருப்பத்திலேயே எல்லோரையும் விட்டுவிட்டுப் போய்விட்டது. ஆகா, கடைசியில் நடந்துவிட்டது! முன்னால் பாதை சுத்தமாகக் கிடந்தது. ஒரு பொட்டுப் புழுதி இல்லை.

பூவாயிக்கு என்னவோ போல் இருந்தது. அதன் கண் முன்னால் எதையோ தேடியது. காது பின்னால் எதையோ தேடியது. கடகடவென்ற அந்தச் சத்தம் எங்கேயும் இல்லை. கடைசித் திருப்பத்தில் யாரை நெருக்குவது, யாரோடு மல்லுக்கட்டுவது என்று தெரியாமல், சந்தைக்குப் போகிறவள் மாதிரி சும்மா உருண்டு வந்து குளத்தங்கரையில் நின்றது.

"பூவாயி! பூவாயி!" என்று கூட்டம் கத்தியது. கழுத்தில் பூமாலை. கையில் வாழைத்தார். ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டது. மிச்சத் தாரைப் பக்கத்தில் நின்றவர்களிடம் கொடுத்துவிட்டது.

அதற்கு அடுத்த வருஷமும் பூவாயிதான் முதல். அதற்கும் அடுத்த வருஷம், "எப்பப் பார்த்தாலும் இந்தக் கீரியே ஜெயிக்குது! நாட்டாமை, சட்டத்தை மாத்துங்க!" என்று முயல்கள் கத்தின. நாட்டாமை காதை ஆட்டிக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தது. பூவாயிக்குக் கோபம்கூட வரவில்லை. அது ஜெயித்த சுகத்தையே ஒரு நாளும் அனுபவித்ததில்லை. அந்த ஒரு சக்கர அளவுத் தோல்வியைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தது. நினைக்கும்போதெல்லாம் உடம்பு உதறும். அப்புறம் பெருமூச்சு வரும்.

கடைசியில் தாங்க முடியாமல் ஒரு நாள் மலைக்கு அந்தப் பக்கம், கொம்பையா பொந்தைத் தேடிக்கொண்டு போனது. கொம்பையா வாசலில் உட்கார்ந்து கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் நரைத்திருந்தது.

"வா பூவாயி. ஜெயிச்சுக்கிட்டே இருக்கியாமே. கேள்விப்பட்டேன்."

"அண்ணே, அதை விடுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். நாட்டாமை வேண்டாம், கூட்டம் வேண்டாம், வாழைத்தாரும் வேண்டாம். நாம ரெண்டு பேரு மட்டும் ஒரு தடவை இறங்குவோம். உங்க வண்டியில நீங்க, என் வண்டியில நான். அகலச் சக்கரத்தோடயே வாங்கண்ணே!"

கொம்பையா கிழங்கைக் கீழே வைத்தது. "வண்டி ஏது? அன்னிக்கு வந்த வேகத்துல உடைச்சுப் போட்டேன். பலகையைப் பொந்துக்கு முட்டுக் கொடுத்துட்டேன். சக்கரம் மழையில கெடந்து உளுத்துப் போச்சு."

"புதுசா செய்யலாமே! வேங்கை மரம் நான் கொண்டு வர்றேன். நானே செதுக்கித் தர்றேன்!"

"மரம் கிடைக்கும் பூவாயி. இந்தக் கையைப் பாரு, கயித்தைப் பிடிச்சா நடுங்குது. இனிமே அந்தச் சரிவுல நான் இறங்கினா குளத்துக்குப் போய்ச் சேர மாட்டேன்."

பூவாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

கொம்பையா கையில் ஒட்டிய மண்ணைத் தட்டியது. பிறகு மெதுவாகச் சொன்னது: "கல்லு வச்சாங்க, பின்னால நிக்க வச்சாங்க. எதுக்கும் நான் கவலைப்படலை. கடைசி வருஷம் கடைசித் திருப்பத்துல உன் சக்கரச் சத்தம் என் காதுகிட்டே கேட்டுச்சு பாரு, அப்பத்தான் வாழ்க்கையில முதல் தடவையாப் பயந்தேன். எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா அந்தப் பயம்! அடுத்த வருஷம் இந்தப் புள்ளைகூட ஓட்டணும், அதுக்காகவே ஓட்டணும்னு நினைச்சுக்கிட்டுத்தான் வண்டியை விட்டு இறங்கினேன். நான் பார்த்துக்கிட்டு நிக்கிறப்பவே நீ கையைத் தூக்கிட்டே."

பூவாயிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "அண்ணே, நான் கையைத் தூக்காம இருந்திருந்தா அடுத்த வருஷம் உங்களை முந்தியிருப்பேனா?"

கொம்பையா தலையை ஆட்டியது. "தெரியலையே, பூவாயி. இத்தனை வருஷமா நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

முந்த வேண்டியவரைச் சட்டம் போட்டு நிறுத்தியவருக்கு முதலிடம் கிடைக்கலாம். முந்திய சுகம் மட்டும் ஒரு நாளும் கிடைக்காது.